சந்திரசேகர் என்பது குடும்பப் பெயர் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. சமையல் வேலை, கடை வேலை எல்லாம் முடித்துவிட்டு சாவகாசமாகப் படியுங்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நான்கு புத்தக அட்டைகள், மேலே பெரிய எழுத்தில் "நம் சந்திரசேகர் குடும்பத்தின் அறிவுச் செல்வம்". முதல் புத்தகம் நட்சத்திரங்களின் உள்ளமைப்பு பற்றியது, 1939-இல் வந்தது. இரண்டாவது திரவப் படிகங்கள், 1977. மூன்றாவது மக்கள்தொகைப் பெருக்கமும் பசியும் பற்றியது. நான்காவது கருந்துளைகளின் கணிதக் கொள்கை, 1983. நான்கிலும் ஆசிரியர் பெயர் எஸ். சந்திரசேகர்.

அனுப்பியது வெளிநாட்டில் படிக்கும் எங்கள் வீட்டுப் பெண். அவளுடைய அப்பா, அதாவது எங்கள் மச்சினர், பெயர் சந்திரசேகர். பாஸ்போர்ட்டில் அது அவளுக்கு "சர்நேம்" ஆகிவிட்டது. அதைத் தட்டித் தேடியிருக்கிறாள், வந்ததைத் திரட்டி ஆசையாகப் போட்டிருக்கிறாள். அவள்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் கீழே வந்த பதில்கள்மேல்தான். "நம்ம ரத்தம்!" என்றார் ஒருவர். "அதான் பாப்பாவுக்குக் கணக்கு இப்படி வருது" என்றார் இன்னொருவர். மூன்றாவதாக ஒரு பெரியவர் எழுதினார்: "இந்தத் தலைமுறையிலிருந்து நாமும் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர் வைப்போம். நம் சாதிப் பட்டத்தையே வைத்துவிட்டால் குழப்பமில்லை." அதற்குப் பத்தொன்பது கட்டைவிரல்!

குழுவில் சண்டை போட எனக்கு இஷ்டமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அங்கே இருப்பவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த நான்கு புத்தகங்கள். எழுதியவர் ஒருவர் அல்ல, மூன்று பேர். முதலாவதும் நான்காவதும் சுப்ரமணியன் சந்திரசேகர் எழுதியவை. 1910-இல் லாகூரில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் ஒரு வெண்குறு விண்மீன் நிலைத்திருக்க முடியாது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர். பன்னிரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? 1983-இல் நோபல் பரிசு. இரண்டாவது புத்தகம் சிவராமகிருஷ்ணன் சந்திரசேகர் எழுதியது. பெங்களூரு ராமன் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக அடுக்கிக்கொள்ளும் என்று 1977-இல் தம் குழுவினரோடு கண்டுபிடித்துச் சொன்னவர். மூன்றாவது புத்தகம் ஸ்ரீபதி சந்திரசேகர் எழுதியது. மக்கள்தொகை அறிஞர். 1967-இல் இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதார, குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சர். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார்.

விண்மீன், படிகம், மக்கள்தொகை. மூன்று துறை, மூன்று மனிதர்கள், அட்டையில் ஒரே எழுத்துக்கள். இதில் குடும்பம் எங்கே வந்தது?

"அப்படியானால் மூன்று பேருக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் வேடிக்கை. முதல் இருவரும் உறவுக்காரர்கள்! விண்மீன் சந்திரசேகரின் அப்பாவுக்குத் தம்பிதான் சர் சி.வி.ராமன். அதாவது அவருக்குச் சித்தப்பா. அதே ராமனின் சகோதரி பிள்ளைதான் திரவப் படிக சந்திரசேகர். அவருக்கு ராமன் தாய்மாமன். ஆக இந்த இரண்டு எஸ். சந்திரசேகரும் அத்தை மகன், மாமன் மகன். ஆனால் இந்த உறவை அவர்கள் பெயரிலிருந்து உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? பெயரைப் பார்த்து உறவு சொல்வதானால் அமைச்சராக இருந்த சந்திரசேகரையும் அல்லவா பந்தியில் உட்கார வைத்திருப்பீர்கள்! வைத்தும்விட்டீர்கள், படத்தில்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். திரவப் படிக சந்திரசேகருடன் பிறந்தவர்கள் எஸ். ராமசேஷன், எஸ். பஞ்சரத்தினம். ராமசேஷன் படிகவியல் அறிஞர், இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். பஞ்சரத்தினம் ஒளியின் முனைவாக்கத்தில் 1956-இல் கண்டு சொன்ன ஒரு விஷயத்தை, அவர் 35 வயதில் ஆக்ஸ்போர்டில் இறந்துபோய் வெகுகாலம் கழித்துத்தான் உலகம் திரும்பிப் பார்த்து அவர் பெயரைச் சூட்டியது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர். நூலக அட்டவணையில் ஒருவர் 'சி'யில், ஒருவர் 'பி'யில், ஒருவர் 'ஆர்'இல். கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு அலமாரியில். உறவே இல்லாத ஸ்ரீபதி மட்டும் ஒருவருக்குப் பக்கத்து நாற்காலியில். இந்த அட்டவணையை வைத்தா வம்ச விருட்சம் வரையப்போகிறீர்கள்?

நம் பெயர் முறை எப்படி வேலை செய்கிறது என்பதை நாமே மறந்துவிட்டோம். விண்மீன் சந்திரசேகருக்கு அந்தப் பெயர் தாத்தாவின் பெயர். தாத்தா பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே பெயரன், பேரன் என்கிறோம். சி.வி.ராமனின் 'சி' யார்? அதே தாத்தா, ராமனுக்கு அப்பா. சித்தப்பாவுக்கு இனிஷியலாக இருப்பது அண்ணன் மகனுக்குச் சொந்தப் பெயர். இது ஒரு அழகான ஏற்பாடு. பெயர் ஒரு தலைமுறை தாண்டித் திரும்பி வரும், அப்பா பெயர் ஓரெழுத்தாகக் கூடவே நடக்கும்.

இப்போது பாஸ்போர்ட் படிவத்தின் கணக்குப்படி பார்ப்போம். அப்பா பெயர்தான் சர்நேம் என்றால், ராமன் விளைவை "சந்திரசேகர் விளைவு" என்று சொல்ல வேண்டும். சந்திரசேகர் எல்லையை "சுப்ரமணியன் எல்லை" என்று சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் சொன்னபடி சாதிப் பட்டம்தான் என்றால், விண்மீன் சந்திரசேகரின் அப்பா பெயருக்குப் பின்னால் ஐயர் இருந்தது. அப்போது ராமனுடையது "ஐயர் விளைவு", சந்திரசேகருடையது "ஐயர் எல்லை", திரவப் படிகக்காரருக்கும் அதுவே. தேர்வில் எந்த ஐயர் என்று கேட்டால் என்ன எழுதுவீர்கள்? (நான் மார்க் போடமாட்டேன்.)

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூட்டி, பெயருக்குப் பின்னால் சாதி வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதன்பிறகு மெல்ல மெல்ல, அந்த இயக்கத்தைப் பிடிக்காதவர்கள் வீட்டில்கூட அந்த வால் உதிர்ந்தது. பட்டத்தோடு கையெழுத்துப் போட்ட தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம், வெறும் பெயரோடு பள்ளிக்கூடம் போனோம். 34 வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவன் சொல்கிறேன், பெயரைக் கூப்பிட்டால் யார் என்ன சாதி என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாமல் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். அதைப்போய் ஒரு காலிக் கட்டத்தை நிரப்புவதற்காகத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறீர்களே! கட்டைவிரல் காட்டிய பத்தொன்பது பேரில் நான்கு பேர் என்னிடம் படித்தவர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

சரி, வீட்டுச் சண்டை போதும். ஆராய்ச்சி செய்யும் என் பிள்ளைகளுக்கு வருகிறேன். உண்மையான நஷ்டம் உங்களுக்குத்தான்.

என்னிடம் படித்த ஒரு மாணவி, பயிர் நோயியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். அவள் கயல்விழி, அப்பா முருகேசன், கைத்தறி நெசவாளர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கட்டுரை அனுப்பும்போது "லாஸ்ட் நேம்" என்று கேட்ட கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறாள். அதனால் அவள் செய்த ஆராய்ச்சி எல்லாம் "முருகேசன், கே." என்று அச்சானது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த இரண்டு கட்டுரை கணவர் பெயரில். ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போனாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் கையில் ஒரு பட்டியல். அதில் பல் மருத்துவக் கட்டுரை இருக்கிறது, சாயப்பட்டறைக் கழிவுநீர் இருக்கிறது, இவளுடைய நெல் நோய்க் கட்டுரையும் இருக்கிறது. எல்லாம் "முருகேசன், கே." அவளுடைய கடைசி இரண்டு கட்டுரை மட்டும் இல்லை. "இதெல்லாம் நீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இருபது நிமிட நேர்காணலில் பாதிக்கு மேல் தான் யார் என்று நிரூபிப்பதிலேயே போயிற்று. வேலை வேறு காரணத்தால்கூடக் கிடைக்காமல் போயிருக்கலாம், அதை நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் போனில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குத் தாங்கவில்லை: "சார், எங்கப்பா இப்போ பல் டாக்டர், சாயத் தண்ணி நிபுணர் எல்லாம் ஆயிட்டார். நான்தான் எங்கேயுமே இல்லை."

நம் ஊர்ப் பெண்கள் முதல் தலைமுறையாக ஆராய்ச்சிக்குள் போகிறார்கள். போய் எழுதியதெல்லாம் ஒரு பாதி அப்பா பெயரில், மறுபாதி புருஷன் பெயரில். அவள் பெயர் ஒற்றை எழுத்து. இதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வரவில்லை என்றால் நான் உங்களுக்கு என்ன பாடம் நடத்தினேன்?

வகுப்பில் இரண்டு செந்தில்குமார் இருந்தால் என்ன செய்வோம்? எஸ். செந்தில்குமார், பி. செந்தில்குமார். இனிஷியல் என்பது ஆளைப் பிரித்துக் காட்ட வைத்த எழுத்து. அதை விரித்து, பின்னால் தூக்கிப் போட்டு, சம்பந்தமில்லாத ஆயிரம் பேரை ஒட்டவைக்கும் பசையாக மாற்றிவிட்டோம். முருகேசன், செல்வம், ராஜேந்திரன், குமார் என்று அப்பாக்களின் பெயர்கள் ஊருக்கு நூறு. பிள்ளைகள் ஒருவர் எலும்பு மருத்துவத்தில், ஒருவர் கட்டடப் பொறியியலில், ஒருவர் சோழர் கல்வெட்டில். கணினிக்கு எல்லாரும் ஒரே ஆள்.

சர்நேம் உள்ள நாடுகளில் இந்தக் குழப்பம் இல்லையா என்றால், அங்கேயும் உண்டு. பொருளாதாரம் படித்தவர்களைக் கேளுங்கள், "ஃபிஷர் சமன்பாடு" என்றால் வட்டி விகிதத்துக்கும் பணவீக்கத்துக்கும் உள்ள உறவு என்பார்கள். அது அமெரிக்காவின் இர்விங் ஃபிஷர். உயிரியல் கணிதம் படித்தவர்களைக் கேட்டால், சாதகமான ஒரு மரபணு ஒரு கூட்டத்துக்குள் அலைபோல் பரவுவதைச் சொல்லும் சமன்பாடு என்பார்கள். அது 1937-இல் இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷர் எழுதியது. இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள், இருவர் பிழைப்பும் எண்களோடுதான், சொந்தபந்தம் கிடையாது. ஃபிஷர் குறியீட்டெண் ஒருவருடையது, ஃபிஷர் தகவல் அளவு இன்னொருவருடையது. சர்நேம் வைத்திருந்தும் அவர்களால் குழப்பத்தைத் தவிர்க்க முடியவில்லை. அப்படி இருக்க, அந்த நோயை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

"உலகம் கேட்கிறதே, என்ன செய்வது" என்று கையைப் பிசைகிறவர்களுக்கு ஐஸ்லாந்தைச் சொல்கிறேன். நான்கு லட்சம் மக்கள்கூட இல்லாத நாடு. அங்கேயும் நம்மைப்போல்தான், பெரும்பாலானவர்களுக்கு வம்சப் பெயர் கிடையாது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அப்பா பெயர், சில சமயம் அம்மா பெயர். தொலைபேசிப் புத்தகத்தைச் சொந்தப் பெயரின் அகரவரிசையில்தான் அச்சடித்தார்கள். பிரதமரையே சொந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருவரும் வெட்கப்படவில்லை. ஏழு கோடிக்கு மேல் இருக்கும் நாம் ஒரு கட்டத்துக்குப் பயந்து அப்பாவை ஆசிரியராக்குகிறோம்.

அவ்வளவு தூரம் போவானேன்? சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் இருக்கிறாரே! சியாலி, அதாவது சீர்காழி, ஊர். ராமாமிர்தம் அப்பா. ரங்கநாதன் அவர். 1934-இல் நூல் அட்டவணைக்கு விதி எழுதி அச்சிட்டார். அவர் முறையில் ரங்கநாதன் என்று சொந்தப் பெயரை முன்னால் எழுதி, எஸ், ஆர் என்ற எழுத்துக்களை அடைப்புக்குறிக்குள் பின்னால் தள்ளிவிடுவார். அவ்வளவுதான். ஆளும் தெரிந்தான், அப்பனுக்கும் மரியாதை, ஊருக்கும் இடம். ஒரு தமிழ்நாட்டுக் கணக்கு வாத்தியார் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் தீர்த்துவைத்த விஷயத்தில், இன்றைக்கு முனைவர் பட்டத்தோடு போய் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பாஸ்போர்ட் தொல்லை உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் "முதற்பெயர் தெரியாதவர்" என்று மூன்றெழுத்துச் சுருக்கத்தை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வரக்கூடாது என்று சொல்லி, நம் ஆட்கள் விமான நிலையத்தில் தவித்தார்கள். பிறகு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கிவந்தார்கள். ஆகவே பயணத்துக்கு இரண்டு கட்டத்தையும் நிரப்ப வேண்டியிருந்தால் நிரப்புங்கள். ஆனால் எதில் எதைப் போடுவது? ராமன் செய்ததைச் செய்யுங்கள். சந்திரசேகர் செய்ததைச் செய்யுங்கள். அப்பா பெயர் முன்னால், உன் பெயர் பின்னால். "முருகேசன் கயல்விழி" என்று எழுதி, கடைசிப் பெயர் கட்டத்தில் கயல்விழி. மேற்கோளில் தானாக "கயல்விழி, எம்." என்று வந்து உட்காரும். நம் எம். கயல்விழிதான், காற்புள்ளி போட்டுத் திருப்பி வைத்தது. யார் தலையிலும் புதுப் பெயர் கட்ட வேண்டாம்.

ஏற்கெனவே பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக ஏறிவிட்டதா? பரவாயில்லை. பொதுவாக எந்த ஆய்விதழும் கட்டுரை வாங்கும்போது பாஸ்போர்ட் கேட்பதில்லை. முதல் கட்டுரைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்து, ஒரு பெயர், ஒரு எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்து, கடைசிவரை அதையே போடுங்கள். கல்யாணம் ஆனாலும் அதையே. 'ழ'வுக்கு ஒரு தடவை ஒரு ஆங்கில எழுத்து, அடுத்த தடவை இன்னொன்று என்று விளையாடாதீர்கள். 2012-இலிருந்து ஆர்க்கிட் என்று பதினாறு இலக்க எண் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். பழைய கட்டுரைகள் எந்தப் பெயரில் இருந்தாலும் அதில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், உங்களுடைய வேறு பெயர் வடிவங்களையும் பதியலாம். பத்து நிமிட வேலை. அந்த மாணவியை உட்கார வைத்துச் செய்யச் சொன்னேன். பல் மருத்துவரும் சாயத் தண்ணீரும் கழன்றுகொண்டார்கள், காணாமல்போன இரண்டு கட்டுரையும் வந்து சேர்ந்தன.

நேர்காணலுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இப்போது என் மாணவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பட்டியலைக் கணினி கொடுத்தது என்று அப்படியே கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். கட்டுரையைத் திறந்து இரண்டு பக்கம் படித்தால் பல்லா, நெல்லா என்று தெரிந்துவிடும்.

இந்த ஜூனில் ஆய்வேடு சமர்ப்பிக்கப்போகிறவர்கள் மூன்று பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். நெறியாளர் என்ன சொன்னாலும் சரி, அச்சுக்குப் போவதற்கு முன்னால் முதல் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். என் எண் மாறவில்லை.